கேட்பவர் இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மாடல் ரயில்களைப் பற்றிய கட்டுரையைப் பார்த்ததும் டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்து படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் என்றால் சும்மாவா! கடைசிப் பத்தி வரைக்கும் சந்தோஷம்தான். அங்கே வந்து, “ஊட்டி பொம்மை ரயிலை மாடலாகக் கேட்பவர் இல்லாததால் கம்பெனிகள் அதைத் தயாரிப்பதில்லை” என்று ஒரே வரியில் எங்கள் மலையை இறக்கி வைத்துவிட்டீர்கள்.

அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் 31 வருடம் டர்னராக இருந்தவன் நான். சென்னையில் மாடல் ரயில் விற்கும் ஒரு கடையில் எங்கள் ஊட்டி ரயிலின் ‘எக்ஸ்’ ரக நீராவி இன்ஜினை இதுவரை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவை நேரில், ஒரு தடவை போனில். மூன்று தடவையும் ஒரே பதில்: “யாரும் கேக்கறதில்லையே சார்.” அப்போ நான் யாருங்க? கேட்டவன் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைத்தால்தானே எத்தனை பேர் என்று தெரியும். கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் சொல்வதில்லை, மொத்த வியாபாரி கம்பெனிக்கு எழுதுவதில்லை. கம்பெனி, “இந்தியாவிலிருந்து கேள்வியே வரவில்லை” என்கிறது. அதைத்தான் தங்கள் கட்டுரையாளரும் ஆராய்ச்சி முடிவு போல எடுத்து எழுதியிருக்கிறார்.

கம்பெனிக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. டை வெட்டுவதற்கு என்ன செலவாகும் என்று பட்டறையில் இருந்தவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு இன்ஜினுக்கு எஃகில் அச்சு வெட்டிவிட்டால், அதே அச்சில் பச்சை, கறுப்பு, நீலம் என்று பெயிண்டையும் நம்பரையும் மாற்றி மாற்றிப் பத்து வருடத்துக்கு விற்றாக வேண்டும். போட்ட பணம் அப்போதுதான் திரும்பும். பல ரயில்வேக்களில் பல நிறத்தில் ஓடிய இன்ஜினைத் தேடிப் போவது அதனால்தான். வெளிநாட்டில் பெரிய கடைக்காரர்களே, “இத்தனை பீஸ் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்” என்று ஆர்டர் கொடுத்துச் செய்ய வைப்பதும் உண்டு. நியாயம்தான்.

ஆனால் அந்த நியாயம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இங்கிலாந்தில் ‘லயன்’ என்று 1838இல் செய்த இன்ஜின் ஒன்று இருக்கிறது. அந்த ரகத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஒரு பழைய சினிமாவில் தலைகாட்டியதாம். சில வருடங்களுக்கு முன் ஹார்ன்பி, ராபிடோ என்று இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு அதை மாடலாகக் கொண்டுவந்தன. சினிமாதான் கணக்கு என்றால் எங்கள் ரயிலின் கூரைமேல் ஏறி ஆடாதவர்களா? ‘மூன்றாம் பிறை’யின் கேத்தி ஸ்டேஷன் காட்சிக்கு அழாத தமிழன் உண்டா? எக்ஸ் இன்ஜின் 1914 முதல் 1925 வரை 12, 1952இல் இன்னும் 5 வந்தது. பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிதாகவே செய்து கொடுத்தது. ஒன்றே ஒன்றைவிட இது கூடுதல் என்றுதான் நான் படித்த கணக்கு சொல்கிறது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. எக்ஸ் பிறந்தது ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். தொழிற்சாலையில். அதே தொழிற்சாலை, ஏறக்குறைய அதே வருடங்களில், அந்த நாட்டு ஃபுர்கா மலைப்பாதைக்கும் பல்சக்கர இன்ஜின் செய்தது. அதுவும் மீட்டர் கேஜ், அதுவும் ஆப்ட் முறைப் பல்தண்டவாளம், அதாவது ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க நடுவே போடும் பல் வெட்டிய பட்டை. சாதாரணச் சக்கரத்துக்குத் தனி சிலிண்டர்கள், பல்சக்கரத்துக்குத் தனி சிலிண்டர்கள் என்கிற அந்த ஏற்பாடுகூட ஒன்றுதான். எக்ஸ் அளவில் பெரியது, சக்கரமும் அதிகம். அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். ஃபுர்கா தம்பியை பெமோ கம்பெனி 12 மில்லிமீட்டர் பாதைக்கு மாடலாகச் செய்து விற்றது. டார்ஜிலிங் இன்ஜினையும் ரவுண்ட்ஹவுஸ் கம்பெனி நிஜ நீராவியிலேயே ஓடும்படி செய்திருக்கிறது. கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் 12க்கு 1 என்ற ஏற்றத்தில் முழு ரயிலையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற அண்ணனைத்தான் கேட்பவர் இல்லையாம்.

டார்ஜிலிங் என்றதும் நினைவுக்கு வருகிறது. யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் எங்கள் ரயிலைச் சேர்த்ததன் நினைவாகத் தாங்கள் ஒரு முறை செய்தி வெளியிட்டபோது, மேலே போட்டிருந்தது டார்ஜிலிங் படம். தண்டவாளத்துக்கு நடுவே பல்தண்டவாளமே இல்லாத நீலகிரி ரயில்! அப்போதும் கடிதம் எழுதினேன். குப்பைக்கூடைக்கும் தீனி வேண்டும்தானே. மண் சரிந்தால் ‘ரயில் ரத்து’, தண்டவாளத்தில் யானை நின்றால் ‘ரயில் தாமதம்’. இந்த இரண்டைத் தவிர வேறு செய்தியே எங்களிடமிருந்து எதிர்பார்ப்பதில்லை போலிருக்கிறது. போகட்டும், ‘பொம்மை ரயில்’ என்ற பேச்சையாவது விட்டுவிடலாம். ஹில்குரோவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மூச்சுவிடும் அந்த இன்ஜினின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவன் அதைப் பொம்மை என்று எழுத மாட்டான்.

ரிட்டயர் ஆனபிறகு பித்தளைத் தகடு வாங்கி நானே ஒன்று செய்ய ஆரம்பித்தேன். உடம்புக்கூடு முடிந்துவிட்டது. பல்தண்டவாளம்தான் படுத்துகிறது. இரண்டு பட்டை, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வர வேண்டும். அதுவும் 87இல் ஒரு பங்கு அளவில். அரம் பிடித்த கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. கண்ணில் புரை வேறு. கடையில் போய்க் கேட்டதெல்லாம் அதனால்தான் என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அதே கட்டுரையின் பெட்டிச் செய்தியில், எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) எங்கள் ரயிலுக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதை என்று அச்சாகியிருக்கிறது. மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும், அதனால் 12 மில்லிமீட்டர் பாதை. 16.5 என்பது அகலமான பாதைகளுக்கு. யாராவது பையன் தங்கள் பத்திரிகையை நம்பித் தப்பான தண்டவாளம் வாங்கிவிடப் போகிறான். வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
குன்னூர்