அந்த ஒழுங்கையைத் திறந்துவிடுங்கள்

எங்கள் உள்ளூராட்சி சபைக்கும், காணித் துண்டாடலுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பில் எங்கள் ஒழுங்கையை மறித்து நிற்கும் மதில் விசயம் உங்களுக்குத் தெரியும். மூன்று கடிதம் தந்துவிட்டோம். போன திங்கட்கிழமைதான் இதைப் பொதுவில் எழுத வைத்தது.

என் மகள் தரம் 4. பள்ளிக்கூடம் எங்கள் வளவிலிருந்து 300 மீற்றர். தென்னங்காணியைத் துண்டு போட்டு விற்கும்வரை அதற்குள்ளால் போன ஒழுங்கையில் தனியாகச் சைக்கிளில் போய்வந்தாள். இப்போது ஒழுங்கை மதிலில் முட்டி நிற்கிறது. பிரதான வீதியால் சுற்றினால் 2 கிலோமீற்றர். கொழும்பு பஸ்ஸுக்கும் மண் டிப்பருக்கும் நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளையை எப்படிச் சைக்கிளில் விடுவது? மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றிப் போகிறேன். அயலில் எல்லா வீட்டிலும் இதே கதை. ஏழேகாலுக்குப் பள்ளி வாசலில் ஆட்டோவும் வானும் எஞ்சினை நிறுத்தாமல் நெருக்கி நிற்கும். திங்கட்கிழமை அந்தப் புகைக்குள் மகளுக்கு முட்டு வந்துவிட்டது. இன்ஹேலர் புத்தகப் பையின் அடியில். தேடி எடுப்பதற்குள் என் கை நடுங்கிவிட்டது.

ஆறடிப் பாதை ஒன்று திறந்திருந்தால் நாங்கள் அந்த வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருக்கவே மாட்டோம்.

எஞ்சின் சூடேறாத முதல் சில நிமிடங்களில்தான் புகை மோசம். எங்கள் ஓட்டமெல்லாம் அந்தச் சில நிமிட ஓட்டம்தான். மட்டக்களப்பு மேடு பள்ளம் இல்லாத ஊர், சைக்கிளுக்கென்றே அமைந்த மண். 2022 இல் பெற்றோல் இல்லாத நாட்களில் ஆசிரியர்களும் தாதிமாரும் இந்த ஒழுங்கையால்தான் வேலைக்குப் போனார்கள். அதை மறந்து, ஒரே வாசலும் சுற்றிவர மதிலுமாகக் குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். பாண் வாங்கவும் பெற்றோல் எரிக்க வேண்டியிருக்கிறது. காணி விற்றவர் போய்விட்டார், புகை எங்களோடு இருக்கிறது.

காற்றில் கலந்திருக்கும் நுண்துகளுக்கு (PM2.5) நம் நாடு 2008 இல் வைத்த 24 மணி நேர எல்லை கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது 15. நாங்கள் கருவி கொண்டுவந்து அளக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு வந்து எங்களோடு நில்லுங்கள், போதும்.

தயவுசெய்து மதிலில் ஆறடிக்கு வழி விடுங்கள். கார் போக வேண்டாம், சைக்கிளும் நடப்பவர்களும் போனால் சரி. இனி வரும் வரைபடங்களிலும் ஊடுபாதை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள். அடுத்த தவணை தொடங்குமுன் அந்த ஒழுங்கையைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்து அம்மா ஒருவர்