நிதித் துறையில் மூன்றே வேலைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேலை வழிகாட்டி இணைப்பில் நிதித் துறைக்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். ஆவலாகத்தான் பிரித்தேன். வங்கி அதிகாரி, ஆடிட்டர், பங்குச் சந்தை நிபுணர். மூன்றோடு கதை முடிந்துவிட்டது. மீதி இடத்தை டை கட்டிய ஒருவர் அடைத்துக்கொண்டு, மேலே ஏறுகிற ஒரு கோட்டைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார். 22 வருடம் இந்தத் துறையில் இருந்துவிட்டேன், கோட்டைக் காட்டிச் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அண்ணன் மகள் போன் செய்தாள். படிப்பை முடிக்கப் போகிறாள், கணக்கு நன்றாக வரும். "சித்தப்பா, இந்த மூணுல எது நல்லது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், பேச்சில் சொன்னது என்பதால் முன்னே பின்னே இருக்கும்.

முதலில் என் வேலை. நிதித் துறை என்று சொன்னதுமே எந்தப் பங்கு ஏறும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. நான் இருந்தது ரீகன்சிலியேஷன் பிரிவில். எங்கள் புத்தகத்தில் ஒரு தொகை இருக்கும், எதிர்த்தரப்பு அனுப்பும் அறிக்கையில் ஒரு தொகை இருக்கும், இரண்டும் டேலி ஆக வேண்டும். ஆகாதபோதுதான் எங்களுக்கு வேலை. ஒருநாள் சாயங்காலம் 270 வித்தியாசம். பெரிய தொகையில்லை, ஆனால் காரணம் தெரியாமல் கணக்கை மூட முடியாது. வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பார் என்று எனக்கு முன்னால் இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். 9 ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தேடினால், 5,472 என்பதை யாரோ 5,742 என்று அடித்திருந்தார்கள். இன்னொன்றும் சொன்னார்: வித்தியாசத்தில் சரிபாதித் தொகை பேரேட்டில் எங்காவது உட்கார்ந்திருந்தால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டார்கள் என்று சந்தேகப்படு. அந்த 270ஐக் கண்டுபிடித்த சாயங்காலம் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களுக்கும் சிரிப்பு வந்தால் சரி, இந்த வேலை உங்களுக்கு வேண்டாம், வேறு இருக்கிறது.

இதை பேக் ஆபீஸ் என்பார்கள், கொஞ்சம் இளக்காரமாகத்தான். வாங்கி விற்பவர்களும் வாடிக்கையாளரைப் பார்ப்பவர்களும் ஃபிரண்ட் ஆபீஸ், ரிஸ்க்கை அளப்பவர்கள் மிடில் ஆபீஸ், மிச்சம் நாங்கள். இளக்காரம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்குப் பேரிங்ஸ் வங்கியைச் சொல்லலாம். 1762ல் லண்டனில் தொடங்கியது. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் வாங்கி விற்கவும் செய்தார், அதைச் சரிபார்க்கிற பிரிவையும் அவரே கையில் வைத்திருந்தார். பரீட்சை எழுதுகிறவனே பேப்பரையும் திருத்துகிற மாதிரி. வந்த நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற பிழைக் கணக்கில் தள்ளி மறைத்துக்கொண்டே போனார். 1995ல் வெளியே தெரிந்தபோது நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல். இருநூறு வருடத்துக்கும் மேல் நின்ற வங்கியை ஐ.என்.ஜி. என்ற நெதர்லாந்து வங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

சரி, என் பிரிவைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆடிட்டர் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தீர்கள். வெளியிலிருந்து வந்து வருடக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு, நிறுவனத்துக்குள்ளேயே சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த நிறுவனத்தையே சோதிக்கிற உள் தணிக்கையாளர் வேறு. இரண்டாவதற்குத் தைரியம் வேண்டும். அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சிந்தியா கூப்பர் உள் தணிக்கைப் பிரிவின் தலைவர். 2002ல் அவரும் அவருடைய ஆட்களும், மேலிடத்துக்குத் தெரியாமல் இருக்க ராத்திரிகளில் உட்கார்ந்து கணக்கைத் தோண்டினார்கள். அன்றாடச் செலவாக எழுத வேண்டிய தொகைகளைச் சொத்து என்று எழுதி லாபத்தை ஊதியிருந்தார்கள். முதலில் கண்டுபிடித்தது மட்டும் 380 கோடி டாலர். யோசித்துப் பாருங்கள், உங்கள் சம்பளத்தை முடிவு செய்கிறவரின் அறைக்குப் போய் இந்தப் பதிவுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்க வேண்டும். கணக்கு நன்றாக வருகிற எல்லோராலும் இது முடியாது. கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

வங்கி அதிகாரி என்பதும் அப்படித்தான். அதற்குள் கடன் ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார், என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே நிறையக் கற்றுக்கொடுக்கிற வேலை அதுதான். ஒரு நிறுவனம் கடன் கேட்டு வருகிறது, மூன்று வருடமாக லாபம் கூடிக்கொண்டே போகிறது. புதிதாகச் சேர்ந்தவர் லாபத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். அனுபவப்பட்டவர் ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டைத் திருப்பி, விற்ற சரக்குக்கு இன்னும் வராத பணம் எவ்வளவு என்று பார்ப்பார். முன்பு 45 நாளில் வந்த பணம் இப்போது 90 நாளாகியும் வரவில்லை, கிடங்கிலும் சரக்கு தேங்கியிருக்கிறது. அப்படியென்றால் லாபம் தாளில்தான் இருக்கிறது, கடன் தவணையைத் தாளை வைத்துக் கட்ட முடியாது. அப்புறம் நேரில் போய் அந்தத் தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார். எண்ணையும் ஆளையும் ஒன்றாக எடை போடுகிற வேலை. கதை கேட்கப் பிடிக்கும், ஆனால் சொன்னதை நம்பிவிட மாட்டேன் என்கிற ரகத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி கிடையாது.

உங்கள் பக்கத்தில் ஆக்சுவரி என்ற சொல்லே வராததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆயுள் காப்பீட்டுக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கலாம், ஓய்வூதிய நிதியில் இன்று எவ்வளவு இருந்தால் நாற்பது வருடம் கழித்துக் கொடுக்க முடியும் என்று கணக்கிடுகிறவர்கள். வால் நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலிதான் 1693ல், ஒரு நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அட்டவணை போட்டவர். பிறகு லண்டனில் ஈக்விட்டபிள் என்ற காப்பீட்டுச் சங்கம் தொடங்கியபோது ஆக்சுவரி என்ற பதவிப் பெயர் வந்தது. அதுவும் 1762தான், பேரிங்ஸ் பிறந்த அதே வருடம். தேர்வுகள் நீளமானவை, வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் எழுதுவார்கள். நிகழ்தகவு பிடித்த பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

கணிதமோ இயற்பியலோ படித்தவர்களுக்குக் குவான்ட் என்றொரு வழியும் உண்டு, கணித மாதிரிகளை வைத்துச் சந்தையை அலசுகிற வேலை. ஜிம் சைமன்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் நடத்திய ரினைசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற முதலீட்டு நிறுவனம் நிதி படித்தவர்களை ஒதுக்கிவிட்டுக் கணிதக்காரர்களையும் இயற்பியல்காரர்களையும், கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் ஆராய்ச்சி செய்தவர்களையும் எடுத்தது. ஆனால் இந்த வாசல் குறுகலானது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி யாரும் சொல்லாத ஒன்று. வெல்த் அட்வைசர், ரிலேஷன்ஷிப் மேனேஜர், ஃபைனான்ஷியல் கன்சல்டன்ட் என்று விளம்பரங்களில் வருகிற பதவிகளில் பல, சுருக்கமாகச் சொன்னால், விற்பனை வேலை. விற்பனையில் கேவலம் ஒன்றுமில்லை, நன்றாகச் செய்கிறவர்கள் எங்களைவிட அதிகமாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் ஆய்வு வேலை என்று நினைத்துச் சேர்ந்து, முதல் மாதமே சொந்தக்காரர்கள் பட்டியலை எழுதிக் கொடு என்று கேட்கப்பட்டு நொந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் நேர்காணலில் தயங்காமல் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: மாதக் கடைசியில் எதை வைத்து என் வேலையை அளப்பீர்கள்? பதிலில் டார்கெட் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டால் போதும். அதேபோல, வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பணத்தில் பங்கு வாங்கி விற்பதையும் பங்குச் சந்தை நிபுணர் என்ற தலைப்பிலேயே நிதித் துறை வேலை என்று உங்கள் பக்கம் சேர்த்திருக்கிறது. நிறுவனத்தில் ட்ரேடராக இருப்பவருக்கு நஷ்ட வரம்பு உண்டு, தாண்டினால் நிறுத்த மேலே ஆள் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு. வீட்டிலிருந்து செய்பவருக்கு மூன்றும் இல்லை. அதை வேலை என்று அச்சிடாதீர்கள்.

சான்றிதழ்களையும் குழப்பியிருந்தீர்கள். 1963ல் தேர்வு தொடங்கிய சி.எஃப்.ஏ. முதலீட்டு ஆய்வுக்கானது. மூன்று நிலை, ஒவ்வொன்றுக்கும் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள், அதற்கு மேல் 4,000 மணி நேர வேலை அனுபவமும் காட்ட வேண்டும். ரிஸ்க் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு பகுதிகள் கொண்ட எஃப்.ஆர்.எம். இருக்கிறது. கணக்கியலுக்கு ஏ.சி.சி.ஏ. மாதிரித் தகுதிகள் தனி. எந்த வேலை என்று முடிவாவதற்கு முன்னாலேயே கட்டணம் கட்டுவது, ஊர் எது என்று தெரியாமல் டிக்கெட் எடுக்கிற கதை.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அண்ணன் மகள், "இந்த டேலி பாக்கறதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்காதா சித்தப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. ஒத்துப்போவதையெல்லாம் அது பார்த்துவிடும், ஒத்துப்போகாதது மட்டும் மனிதனின் மேஜைக்கு வரும். 1979ல் விசிகால்க் என்ற மென்பொருள், இன்றைய எக்செல் மாதிரியான கணக்குத் தாள், கணினியில் வந்தபோதும் கணக்காளர்களின் கதை முடிந்தது என்ற பேச்சு இருந்தது. அதுவரை தாளில் ஒரு எண் மாறினால் கீழே உள்ள எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டும். அந்தச் சிரமம் போனதும் முதலாளிகள் இப்படி மாற்றினால் என்னவாகும், அப்படி மாற்றினால் என்னவாகும் என்று கேட்க ஆரம்பித்தார்கள், வேலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது, வெறும் பதிவு போடுகிற ஆரம்ப நிலை வேலைகளில் அது கை வைக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. எனவே சேர்கிற இடத்தில் பதிவு மட்டும் போடச் சொல்வார்களா, ஏன் என்று தேடவும் விடுவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருவது நல்லது.

அடுத்த முறை இந்தப் பக்கத்தைப் போடும்போது பயிற்சி மையக்காரர்களிடம் கேட்காமல், வேலையில் இருக்கும் பத்துப் பேரிடம் நேற்றுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டு அப்படியே போடுங்கள். சம்பளத்தைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.

மூன்று நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. பின்பக்கம் எழுதிய பழைய தாள், முழுக்கக் கணக்கு. இலக்கம் ஒரு இடம் தள்ளிப்போனால் பத்து மடங்காகிறது, பத்தில் ஒன்று போனால் ஒன்பது, அதனால்தான் 9 ஆல் வகுபடுகிறது என்று தானே போட்டுப் பார்த்திருந்தாள். கீழே ஒரு வரி: "நடுவுல ஒரு இலக்கம் விட்டு அடுத்தது இடம் மாறியிருந்தா வித்தியாசம் 99லயும் வகுபடும் சித்தப்பா, அப்ப தேடறது இன்னும் சுலபம்." 22 வருடத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை.

இப்படிக்கு,
ரீகன்சிலியேஷன் பிரிவில் இருந்த ஒரு வாசகர்