கதிரவனுக்கு அம்மா எழுதுவது

கோத்தகிரி

அன்புள்ள கதிரவனுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ ஹாம் ரேடியோ, அதாவது தனிப்பட்டவர்கள் உரிமம் பெற்று ஆர்வத்துக்காக இயக்கும் வானொலித் தொடர்பு, அதற்கான தேர்வில் தேறி உரிமத்துக்குக் காத்திருக்கும் செய்தி எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் பேரிடர் வந்தால் மட்டும் கூப்பிடுங்கள், மாரத்தானிலும் கார் பந்தயத்திலும் வழியோரம் நின்று கடந்து செல்பவரின் எண்ணை ரேடியோவில் சொல்லும் வேலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஏற்கவில்லை.

2009 நவம்பரில் நம் நீலகிரி மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில் மின்சாரம் நின்று, செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து, சாலையோரக் கேபிளும் சரிவோடு அறுந்துவிட்டால், முகாமில் எத்தனை பேர், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்ல நம்மைப் போன்ற தன்னார்வலர்கள் தேவைப்படலாம். அந்த நாளில் போய்ப் பழகிக்கொள்ள முடியாது.

நம் கையடக்கக் கருவியின் ஆற்றல் ஐந்து வாட்தான். 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் குறுக்கே ஒரு மலைமேடு வந்தாலே குரல் அடங்கிவிடும். குன்னூர் சாலையில் எந்த வளைவில் தொடர்பு அறுகிறது, எங்கே நாலடி தள்ளி நின்றால் மீண்டும் கிடைக்கிறது என்பது ஓட்டப்பந்தய நாளில் அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். 7 மெகாஹெர்ட்ஸில் கம்பி ஆன்டெனாவைத் தாழக் கட்டினால் அலை மேலே எழும்பித் திரும்பிச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும், பள்ளத்தாக்கு தடையாகாது. அதையும் கட்டிப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கருவியைவிடக் கடினமானது நாவடக்கம். ஓடுபவர் விழுந்தால் "விழுந்தார், எழவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். கால் முறிந்தது என்று மருத்துவர் சொல்லாதவரை நாம் சொல்லக்கூடாது. கேட்டதை எழுதி, திருப்பி வாசித்து, நெட் கண்ட்ரோல், அதாவது யார் எப்போது பேசலாம் என்று ஒழுங்குபடுத்தும் நிலையம், அழைக்கும்வரை வாய் திறக்காமலிருப்பது மாதக்கணக்கில் பயின்றால்தான் வரும் பழக்கம். பேரிடரில் பிறர் செய்தியைக் கொண்டு செல்வதற்கும் விதிமுறை உண்டு: உரிய அரசு அதிகாரியிடமிருந்து வந்ததைத்தான் எடுத்துச் செல்லலாம், கூலி எதுவும் வாங்கக்கூடாது.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோக்காரரின் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது உலகெங்குமுள்ள ஹாம்களோடு பேசத்தான். சுனாமி வந்ததும் அதே கருவிகளைக் கொண்டே தீவுகளின் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அதற்கு முந்தைய நாள்வரை விடாமல் பேசிப் பழகியிருந்ததால்தான் அது கைகூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீ வரும்போது இங்கு ஓட்டப்பந்தயம் ஒன்று இருக்கிறது. அதற்குள் உரிமம் வராவிட்டால் நீ ஒலிபரப்பக் கூடாது. என் பக்கத்தில் நின்று செய்திகளை நேரத்தோடு எழுதிக்கொள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரியாக ஒன்று வாங்கி வா. தண்ணீர் கொடுக்கும் இடத்துக்கு விடியுமுன் போய்விட வேண்டும்.

அன்புடன்,
அம்மா