மைனருக்கு ஓல்டனேற்றர் பூட்டப்போகும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

உங்கள் பழைய மொறிஸ் மைனர் காருக்குள் ரொயோட்டா 4கே எஞ்சின் இறங்கிவிட்டது என்று மாமி சொன்னார். எஞ்சின் வேலையில் உங்களுக்குச் சொல்லித்தர மாங்குளத்தில் ஆள் இல்லை, அதில் நான் தலையிடவில்லை. பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி அந்த இடத்தில் ஓல்டனேற்றர் பூட்டும்போது வரும் வயறிங் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று வைத்துவிடுவீர்கள். எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் என்றாவது இந்த வேலை வரும்.

யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக்காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர் நீங்கள். 2002இல் ஏ9 வீதி திறந்து சாமான் எல்லாம் வந்த பிறகும் அந்த லூக்கஸ் டைனமோவை விடவில்லை. பிழை சொல்ல மாட்டேன், அது எதையும் தாங்கும். ஆனால் அதனால் தர முடிந்தது அதிகபட்சம் 22 அம்பியர், அதுவும் எஞ்சின் ஓடுகிற வேகத்தில்தான். ஐடிலில் ஒன்றும் வராது. இரவில் ஒட்டுசுட்டான் றோட்டில் மாடு படுத்திருக்கும்போது லைட் மங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓல்டனேற்றர் ஐடிலிலேயே சார்ஜ் ஏற்றும். சரி, விஷயம் என்னவென்றால் அதற்குள் டயோட்டுகள் இருக்கின்றன, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற சின்னச் சாமான்கள். டைனமோ பொறுத்துக்கொண்ட பழக்கங்களை அவை பொறுக்காது.

முதலில் அந்தச் சோதனை. எஞ்சின் ஓடும்போது பற்றறி ரெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் "டைனமோ நல்லது" என்பீர்களே, அதை இதில் செய்யவே வேண்டாம். சார்ஜ் போய்க்கொண்டிருக்கும்போது பற்றறியை எடுத்தால், ஓல்டனேற்றருக்குள் இருக்கிற காந்தப்புலம் உடனே அடங்காது. வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும், டயோட்டும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் போகும். இன்னமும் எத்தனையோ கராஜ்களில் இதைச் செய்து காட்டுகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கும். மீற்றரை பற்றறியில் வைத்துப் பார்த்தால் போதும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும், ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். லைட்டைப் போட்ட பிறகும் அதற்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

டைனமோவைப் பூட்டியதும் எஃப் ரெர்மினலில் லைவ் வயரை ஒரு தட்டுத் தட்டுவீர்கள், காந்தம் பிடிக்க. அதுவும் வேண்டாம். அப்புறம் வெல்டிங். ஓல்டனேற்றரைத் தாங்கும் மவுன்ட் இன்னும் ஒட்ட இருக்கிறது என்றால், பற்றறியையும் ஓல்டனேற்றர் வயர்களையும் கழற்றி வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது எர்த். மைனர் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியில் பூட்டியிருக்கும். ரொயோட்டா ஓல்டனேற்றர் நெகற்றிவ் எர்த். பழைய கேபிளை அப்படியே பூட்டினால், திறப்பைத் திருப்ப முன்னமே டயோட்டுகள் எரிந்துவிடும். பற்றறியைத் திருப்பி வைத்து, நெகற்றிவ்வை பொடிக்குக் கொடுங்கள். பொசிற்றிவ் முனை கொஞ்சம் தடிப்பு, அதனால் பழைய கிளாம்புகள் மாறிப் பொருந்தாது, இரண்டையும் புதிதாகப் போடுவது நல்லது. லைட்டுக்கும் ஹோனுக்கும் எந்தப் பக்கம் எர்த் என்பது பிரச்சினை இல்லை. பழைய றேடியோ இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். கரண்டில் ஓடும் பழைய எஸ்யூ பெற்றோல் பம்பை வைத்திருப்பதாக இருந்தால், உள்ளே டயோட் போட்ட வகையா என்று திறந்து பாருங்கள். அந்த வகை திசை மாறினால் பழுதாகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த அந்த ஓல்டனேற்றரின் பிளக்கில் என்ன எழுத்து இருக்கிறது? ஈ, எஃப், என் என்றால் ரெகுலேற்றர் வெளியில் தனிப்பெட்டியாக வர வேண்டும், அதையும் கேட்டு வாங்காவிட்டால் ஒழுங்கான சார்ஜ் கிடைக்காது. ஐஜி, எஸ், எல் என்றால் ரெகுலேற்றர் உள்ளேயே இருக்கிறது, வேலை சுகம். ஐஜிக்கு திறப்புப் போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர், பியூஸ் ஊடாக. எஸ் நேரே பற்றறி பொசிற்றிவ்வுக்கு, அதுவும் ஒரு சின்னப் பியூஸ் ஊடாக. பற்றறியில் உண்மையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று ரெகுலேற்றர் அறிவது அந்த வயரால்தான். எல் டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு லைட்டுக்கு. முன்பு டைனமோ எஃப்புக்குப் போன மெல்லிய வயரையே அதற்கு எடுக்கலாம், டைனமோவின் ரெகுலேற்றர் இருக்கிற பழைய கொன்ட்ரோல் பெட்டியில் டி முனையில் இருந்த லைட் வயரை அதோடு சேர்த்தால் சரி. பெட்டியின் ஏ, ஏ1 இரண்டிலும் இருக்கிற தடித்த பிறவுன் வயர்களை ஒன்றாக இணைத்து இன்சுலேற் பண்ணுங்கள். பெட்டிக்கு இனி வேலை இல்லை.

ஓல்டனேற்றரின் பின்பக்கத்துத் தடித்த போல்ட்டில் இருந்து போகிற வயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மாமா. வீட்டு வயறிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் கிடக்கிறதே என்று எடுப்பீர்கள், உங்களைத் தெரியாதா. 2 மீற்றர் நீளத்தில் 50 அம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட்டுக்குக் கிட்ட அந்த வயரிலேயே போய்விடும், வயரும் கொதிக்கும். 16 சதுர மில்லிமீற்றர் கேபிளில் அது 0.1 வோல்ட்டைக் கொஞ்சம்தான் தாண்டும். நடுவில் 80 அம்பியர் பியூஸ் ஒன்று போட்டு, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சான சொலினொயிட்டின் பற்றறிப் பக்கத்தில் பூட்டுங்கள். எஞ்சின் றப்பர் மவுன்ட்டில் இருக்கிறது என்பதால் எஞ்சினிலிருந்து பொடிக்கு ஒரு நல்ல எர்த் பட்டியும் வேண்டும். பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்குங்கள். கிரவல் றோட்டின் ஆட்டத்தில் நட்டு இளகும், ஸ்பிறிங் வோஷர் போடாமல் விடாதீர்கள்.

கேபிளும் அதன் நுனியில் போடும் லக்கும் கிளிநொச்சியில் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மீற்றரும் கொண்டுவருவேன். கொன்ட்ரோல் பெட்டியை எறிந்துவிடாதீர்கள், இன்னொரு மைனர்காரர் கேட்டு வருவார். நான் வரும்வரை பற்றறியைப் பூட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்