அறிவிப்பாளரின் குரலை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு திருத்தும்போதும் வெளிநாட்டுக்குப் புறப்படும்போதும் யாழ்ப்பாணத்தில் பெட்டி பெட்டியாகப் பழைய பாட்டுக் கசற்றுகள் குப்பைக்குப் போகின்றன. "அந்தப் பாட்டெல்லாம் இப்ப போனிலயே கிடக்குதே" என்கிறார்கள். பாட்டுக் கிடக்கிறதுதான். ஆனால் 1970, 80களில் இலங்கை வானொலியிலிருந்து பதிந்த கசற்றில் பாட்டு மட்டுமா இருக்கிறது? அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவோ பி. எச். அப்துல் ஹமீதோ பாட்டுக்கு முன் சொன்ன இரண்டு வரி, நேயர் விருப்பத்தில் வாசித்த ஊர்ப் பெயர்கள், இடையில் வந்த விளம்பரம் எல்லாம் அதில்தான் உண்டு. கசற்றைப் பென் டிறைவுக்கு மாற்றித் தரும் சில இடங்கள் முதலில் வெட்டி எறிவதும் இவற்றைத்தான். "கிளீன் பண்ணித் தந்திருக்கிறம்" என்ற பெருமை வேறு. ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக, எதையும் வெட்டாமல் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்பவர்கள் எடுத்தவுடன் பிளேயரில் போட வேண்டாம். கசற்றின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்ரிக் பல்லையும் முதலில் உடைத்துவிடுங்கள், தவறி அழிபடாது. கண்ணாடி வழியே பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். எங்கள் மாரிக்கு அது வராமல் இராது. அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள், ஒரு கசற்றின் பூஞ்சணம் பிளேயர் வழியே மற்றதற்கும் தொற்றும். திறந்த விளிம்பின் நடுவில் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கும். உதவாத கசற் ஒன்றைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். சி-120 (120 நிமிட) கசற்றின் நாடா சி-60இன் (60 நிமிட) நாடாவில் பாதித் தடிப்புத்தான். அதை வேகமாகச் சுற்றாதீர்கள்.

பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டை 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். றப்பர் உருளைக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிறிங்கோடு ஒரு திருகு உண்டு. பாட்டு ஓடும்போது அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 'ஸ்', 'ச்' ஒலிகள் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசற்றும் ஒவ்வொரு மெசினில் பதிந்தது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இங்கே இழந்த கூர்மையைக் கொம்பியூட்டரில் பிறகு மீட்க முடியாது.

எங்கள் கசற்றுகளுக்கே உரிய சிக்கல் வேகம். 1990களில் போரால் இங்கே மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. சோர்ந்த பற்றறியில் பதிந்திருந்தால் அன்று மோட்டர் மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று வரும். அதே பாட்டின் இசைத்தட்டுப் பதிவோடு நேரத்தை ஒப்பிடுங்கள். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 48 செக்கனில் முடிந்தால், ஓடாசிற்றி மென்பொருளில் வேகத்தை 0.95 மடங்காக்க வேண்டும். அதில் 'டெம்போ' என்று வேறொரு கட்டளையும் உண்டு, அதை மாற்றினால் நேரம் சரிவரும், சுருதி சரிவராது. சைக்கிள் டைனமோவில் பதிந்தது என்றால் மிதித்தவரின் களைப்புக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். ஒரே எண்ணால் அதைத் திருத்த முடியாது. அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

பிளேயரின் வயரை மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் சத்தம் பிளக்கும், அதோடு பெரும்பாலும் ஒரு சனல்தான் பதியும். லைன்-இன் (பிளேயர் ஒலியை நேரே வாங்கும் துளை) உள்ள யூ.எஸ்.பி. பெட்டி ஒன்று வாங்குங்கள். உச்சச் சத்தம் -6 டெசிபெலைத் தாண்டக்கூடாது. 48 கிலோஹேட்ஸ், 24 பிற் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள்: ஒரு மணி நேரக் கசற்றுக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைற் பிடிக்கும். வாட்ஸ்அப்புக்கு வேறாக எம்பி3 எடுங்கள். இரைச்சல் நீக்குவதென்றால் மூலக் கோப்பில் வேண்டாம், அதன் பிரதியில் மட்டும். கூடுதலாக நீக்கினால் வயலின் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

கசற் பெட்டிக்குள் இருக்கும் கடுதாசியை இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். றெக்கோடிங் பாரில் (கசற்றில் பாட்டுப் பதிந்து தரும் கடையில்) எழுதிக் கொடுத்த பாட்டு வரிசையும் திகதியும் பல வேளை அதில்தான் இருக்கும். மாற்றி முடிந்ததும் கசற்றை எறியாமல், முன்னுக்குச் சுற்றி, பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். அலுமாரிக்கு மேலே, ஓட்டுச் சூட்டில் வேண்டாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய பாடல் இரசிகர்,
கொக்குவில்.