சனிக்கிழமைப் பேச்சு: ஜெர்மனியின் டபிள்யூஎக்ஸ்டபிள்யூ

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்தச் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, 2000-இல் எஸ்ஸன் நகரில் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்டபிள்யூ (வெஸ்ட்சைட் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்) என்ற கேளிக்கை மல்யுத்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறோம். குறிப்பாக, '16 காரட் கோல்டு' தொடர். ஓபர்ஹவுசனில் மூன்று இரவுகள், 16 வீரர்கள், தோற்றவர் வெளியே. பட்டம் வெல்பவர் கடைசி இரவில் மட்டும் இரண்டு முறை மோத வேண்டும். முடிவு முன்பே எழுதப்பட்டதுதான், ஆனால் அந்தக் களைப்பு நடிப்பல்ல என்பது என் கட்சி. இன்றைய டபிள்யூடபிள்யூஇ வீரர் குந்தர், வால்ட்டர் என்ற பெயரில் அங்கே எதிராளிகளின் நெஞ்சில் கையால் அறைந்து சிவக்க வைத்தவர். அந்த அறை விழும் சத்தத்தை ஹெட்போனில் கேட்காதீர்கள்!

2017-இல் இலியா டிராகுனோவ் வென்ற தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற ஆண்டுகளின் முடிவுகளை இங்கே போட்டு உடைக்க வேண்டாம். புதியவர்கள் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.