நெல்லைத் தவிர எல்லாம் லாரியில்தான் வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலைப் பணியாளர்களின் ஊதியம் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட வாசகர் கடிதத்தைப் படித்தேன். சென்னை, கோவை போல டெல்டாவில் செலவு கிடையாது, ரேஷனில் அரிசி இலவசம், ஆகவே இங்கே சாலை வேலைக்குக் கொடுக்கும் கூலி போதும் என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். சாலை போடுவதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. யார் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரியும்.

அரிசி இலவசம் என்பது உண்மை. 2011 ஜூன் முதல் அப்படித்தான் தருகிறார்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அதைக் குறை சொல்பவன் நன்றி கெட்டவன். ஆனால் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் எத்தனை நாளைக்கு வரும்? பாதி மாதம் போனதும் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். இங்கே விளைவது நெல்லும், அது அறுத்த தாளடியில் கொஞ்சம் உளுந்தும் பயறும். சின்ன வெங்காயம் பெரம்பலூர் பக்கமிருந்து வருகிறது. காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்து. மற்ற சரக்கு திருச்சி காந்தி மார்க்கெட் வழியாக. லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் சேர்ந்துதான் என் தராசில் ஏறுகின்றன. காவிரி பாய்கிறது என்பதற்காகப் புளியும் மிளகாயும் மலிவாகிவிடாது. சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் சென்னைக்காரர் என்ன கொடுக்கிறாரோ அதையேதான் நாங்களும் கொடுக்கிறோம். வீட்டு வாடகை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதில் மிச்சமாவது, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு நாள் அலைந்தால் போய்விடும். வைத்தியம் அங்கே இலவசம்தான், கூட இருப்பவருக்குச் சோறு இலவசமில்லை.

அந்த அன்பர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. சாலைப் பணியாளர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் எங்கள் சாலையில் இரண்டு விதமான ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் நெடுஞ்சாலைத் துறையின் நிரந்தரப் பணியாளர். 1997இல் வேலைக்கு வந்து, 2002இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரோடு வேலையை இழந்து, 41 மாதம் வீதியில் நின்று 2006இல் திரும்பச் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்த 41 மாதத்தில் வாங்கிய கடனை அடைத்து முடிக்கவே பலருக்கு ஆண்டுகள் ஆயின. எப்படியோ, 2017 ஊதியத் திருத்தத்துக்குப் பின் அரசின் கடைநிலை அடிப்படைச் சம்பளமே 15,700 ரூபாயில் தொடங்குகிறது. விலை ஏறினால் அகவிலைப்படியும் ஏறுகிறது. இவர்கள் இப்போது ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள்.

எங்கள் சாலையில் அந்த இடங்களுக்கு வருபவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். என் கணக்கு நோட்டில் பக்கம் பக்கமாக நிற்பவர்களும் இவர்களே.

எங்கள் பக்கம் இந்த வேலைக்கு ஆணுக்கு 600 ரூபாய், பெண்ணுக்கு 400 ரூபாய். ஒரே ஜல்லி, ஒரே வெயில், கூலி மட்டும் இரண்டு. 1976ஆம் ஆண்டிலேயே சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் போட்டார்கள். அது இன்னும் எங்கள் ஊர்ச் சாலைக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஆக, கொதிக்கும் தார்க்கலவை பக்கத்தில் நாள் முழுவதும் நிற்பதற்கு ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 64 ரூபாய். லாரியிலிருந்து கொட்டும்போது அந்தக் கலவை 130, 140 டிகிரி சூட்டில் இருக்கும். ரப்பர் செருப்பு இளகிவிடும் என்று சாக்குத் துணியைக் காலில் சுற்றிக்கொள்கிறார்கள். சாயங்காலம் கடைக்கு வந்ததும் முதலில் கேட்பது பத்து ரூபாய்த் தேங்காயெண்ணெய்ப் பாக்கெட். தலைக்கு வாங்குகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கையில் ஒட்டிய தாரைத் துடைக்க வாங்குகிறார்கள். ரேஷன் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதை வைத்தே கழுவிவிடுவார்கள். இப்போது அதுவும் ஒரு செலவு. அவர்கள் கொடுக்கும் ரூபாய் நோட்டின் ஓரத்தில் கறுப்பாகக் கைரேகை பதிந்திருக்கும். அதை வாங்கிக்கொள்ள வங்கியில் முகம் சுளிக்கிறார்கள்.

மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தால் அந்தப் பெண்ணுக்கு 8,000 ரூபாய். கேஸ் சிலிண்டருக்கு 900 ரூபாய் பக்கம் போய்விடுகிறது. குழுக் கடனின் வாரத் தவணைக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பிறகுதான் என் முறை. அதிலும் இருபது நாள் என்பது மாசி முதல் ஆனி வரை நடக்கும் கதை. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ஈரத்தில் தார் ஒட்டாது, வேலை நின்றுவிடும். எங்கள் மண்ணோ களிமண். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். ஒருபக்கம் வாய்க்கால், ஒருபக்கம் வயல், நடுவில் சாலை. அந்த நேரத்தில்தான் ஓரம் சரிந்து பள்ளம் விழுகிறது. ஆள் தேவைப்படும் காலத்தில் ஆளுக்கு வேலையில்லை. முன்பெல்லாம் துறையின் ஆட்கள் மழைக்கு முன்பே சாலை ஓரத்து மண்ணைச் சரித்து, காட்டாமணக்கை வெட்டி, தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்க வழி செய்துவிடுவார்கள். எங்கள் சாலையில் இப்போது அதைச் செய்ய ஆளில்லை. கார்த்திகையில் என் நோட்டில் வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கும். “வேலை ஆரம்பித்ததும் கொடுத்துவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே” என்பார்கள். எழுதிக்கொள்கிறேன். கூலி உயர வேண்டும் என்று நான் சொல்வதில் என் பாக்கி வசூலாகும் என்ற ஆசையும் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மறுக்கமாட்டேன்.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதற்கு அளவுகோல் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை வகுத்துவைத்தது. ஒரு பெரியவர் சாப்பிடும் அளவை ஓர் அலகு என்று வைத்து, ஒரு தொழிலாளியின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொண்டு, அலகுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் மற்றவற்றுக்கும் 20 சதவீதம் என்று அது கணக்குப் போட்டது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை அமைக்கும், பராமரிக்கும் வேலை 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. என் கடை விலையில் அந்த 2,700 கலோரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரேஷன் அரிசியைக் கழித்த பிறகும், பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், வாரம் ஒருநாள் மீன் என்று வைத்தால் 8,000 ரூபாயில் துணிக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த அன்பர் வேண்டுமானால் கடைக்கு வரட்டும், நோட்டைக் காட்டுகிறேன். பெயர்களை மட்டும் மறைத்துவிடுவேன்.

கடைசியாக ஒன்று. சாலை வேலை நடக்கும் இடத்தில் பலகை வைக்கிறார்கள். பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் பெயர், நீளம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே அரசின் விலை விகிதப் பட்டியல்படி ஆள் கூலியும் அடங்கியிருக்கிறது. அது எவ்வளவு என்பதுதான் ஜல்லி அள்ளும் பெண்ணுக்குத் தெரியாது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலி பட்டுவாடா நடக்கும்போது வேலை கொடுத்த நிறுவனத்தின் பிரதிநிதியும் உடனிருக்க வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் அந்த நிறுவனமே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. எங்கள் ஊரில் பட்டுவாடா சனிக்கிழமை மாலை, புளியமரத்தடியில், மேஸ்திரியின் சட்டைப் பையிலிருந்து நடக்கிறது. துறையிலிருந்து ஒருவர் வந்து நின்று நான் பார்த்ததில்லை. திருவாரூர் மாவட்டத்தில் அடுத்து போடப்போகும் சாலையிலாவது, பலகையில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘மதிப்பீட்டின்படி ஆள் ஒன்றுக்கு ஒரு நாள் கூலி இவ்வளவு.’ பெயிண்ட் செலவை வேண்டுமானால் நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
நீடாமங்கலம் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.